மணிக்கூடு மாற்றிய ஞாயிறில் ஒரு கார்ப் பூசை

"கார்ப் பூசை. மணிக்கூடு மாத்தின ஞாயிறு."

ஒரு புகைப்படத்தின் பின்புறத்தில், அம்மாவின் கையெழுத்தில், இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டு இல்லை. அம்மா எந்தப் படத்தின் பின்னாலும் ஆண்டு எழுதியதில்லை. பார்க்கப்போகிறவர்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கே நின்றவர்கள்தானே என்று நினைத்திருப்பார். ஆனால் நாளைச் சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். மெல்பேர்னில் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னே தள்ளுவது ஒக்ரோபர் முதல் ஞாயிறில், பின்னே இழுப்பது ஏப்ரல் முதல் ஞாயிறில். படத்தில் எங்கள் வீட்டு வேலியோரத்து பிளம் மரம் பூத்திருக்கிறது. ஆகவே ஒக்ரோபர். ஆண்டை வேறு வழியில் பிடித்தேன். படத்தின் ஓரத்தில் அம்மாவின் சின்னக் காரும் பாதி விழுந்திருக்கிறது. அதன் பின்கண்ணாடியில் புதிய சாரதிகள் ஒட்டவேண்டிய பச்சை P தெரிகிறது. என் பின்னலில் ஆரம்பப் பள்ளியின் நீல நாடா இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தது ஒரேயொரு ஒக்ரோபரில்தான். நான் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் வகுப்பில் இருந்த, அம்மா லைசென்ஸ் எடுத்த ஆண்டு அது. நாங்கள் அப்போது மல்கிரேவில் இருந்தோம்.

படத்தின் நடுவில் நிற்பது அப்பாவின் கார். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எட்டுச் சிலிண்டர், எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டிலேயே செய்தது. ஒரு காலத்தில் செம்மஞ்சளாக இருந்திருக்கும். எங்களிடம் வந்தபோது பழைய செங்கல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். நான்கு சக்கரங்களின் முன்னும் நான்கு எலுமிச்சம்பழம். அப்பா பட்டு வேட்டியில், மேற்சட்டை இல்லாமல், குளிரில் தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறார். அம்மா மயில்நிறச் சேலையில், கையில் கற்பூரத் தட்டுடன். நான் பக்கத்தில். படம் எடுத்தவர் அப்பாவுடன் வேலை செய்த மலேசிய நண்பர். எனக்கு அவர் வெறும் 'அங்கிள்'. மாமா படத்தில் இல்லை. அவர் எந்தப் படத்திலும் இல்லை. கைத்தொலைபேசியை யாராவது உயர்த்தினால் அவர் அந்த இடத்தைவிட்டு எப்போது போனார் என்றே தெரியாமல் போயிருப்பார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. படகில் வந்தவர். முகாமில் நெடுநாள் வைத்திருந்து வெளியே விட்டபோது ஒரு தற்காலிக விசா கொடுத்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். பொலிசில் ஏதும் சிக்கலானால் அந்த விசா போகலாம், மறுபடி உள்ளே கொண்டுபோகலாம், அங்கிருந்து திருப்பியும் அனுப்பலாம். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது எனக்குச் சொல்லப்பட்டது 'மாமாவுக்கு விசா வர வேணும்' என்பது மட்டும். இணையத்தில் வாங்கிய சப்பாத்து இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோலத்தான் அதை எடுத்துக்கொண்டேன். வரும், கொஞ்சம் சுணங்கும், வந்தபிறகு எல்லாம் சரி.

மாமா வந்த நாளிலிருந்து வீட்டில் சட்டங்கள் கூடின. வெறும் வீதியைக் கடப்பதற்கும் சிவப்பு மனிதன் பச்சையாகும்வரை நிற்க வேண்டும். "நில் தம்பி. ஆள் இல்லையெண்டாலும் நில்," என்று அம்மா நாற்பதை நெருங்கிய அந்த மனிதரின் கையைப் பிடித்து நிறுத்துவார். ரயிலில் அட்டையைத் தட்டியபின் பச்சை வெளிச்சம் வந்ததா என்று நானும் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தால்? வாசலில் வெள்ளைக் கார் ஒன்று மெதுவாகப் போனால் அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்ப்பார். மாமா எட்டிப் பார்க்க மாட்டார். இருந்த கதிரையிலேயே நேராக நிமிர்ந்து இருப்பார்.

எனக்கு அந்தச் சட்டங்கள் பிடித்திருந்தன. நான் சட்டம் பிடித்த பிள்ளை. யாராவது ஒரு தேதியைப் பிழையாகச் சொன்னால் திருத்தாமல் என்னால் சாப்பிட முடியாது. "இவள் வளந்தா ஒண்டில் நீதிபதி, இல்லாட்டி ஒருத்தரும் கலியாணம் செய்யமாட்டினம்," என்று அப்பா சொல்வார்.

கார் மாமாவுக்கு முன்பே வந்தது. இரண்டு ஆண்டுகள் கராஜில் துணி போர்த்திக் கிடந்தது. அதில் இருந்தது மூன்று கியர் ஒட்டோமெற்றிக். ஏற்றத்தில் கியர் வழுக்கும். ஃப்ரீவேயில் நூறில் போனால் எஞ்சின் அலறும், பேச முடியாது. அதைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் மனுவல் போடப்போவதாக அப்பா திடீரென்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். ஐந்தாவது கியரில் எஞ்சின் மூச்சுவாங்காமல் போகுமாம். அதோடு, அவர் சாரத்தியம் பழகியது யாழ்ப்பாணத்தில் ஒரு லொறியில்.

"கியர் போடாமக் கார் ஓடுறது கரண்டியாலை சோறு தின்னுறமாதிரி," என்றார்.

"நீங்கள் கரண்டியாலைதானே தின்னுறியள்," என்றார் அம்மா. அது உண்மை. மெல்பேர்ன் வந்தபிறகு அப்பா அப்படி மாறிவிட்டிருந்தார்.

இந்த வேலையைச் செய்துகொடுக்க எத்தனையோ பட்டறைகள் இருந்தன. அப்பாவிடம் வசதியும் இருந்தது. ஆனால், "கியர்பெட்டியை ஏத்த ரெண்டு ஆம்பிளையள் வேணும், நீ நிண்டால்தான் சரி மச்சான்," என்று மாமாவிடம் கேட்டார். மாமா ஊரில் வங்கியில் எழுதுவினைஞராக இருந்தவர். ஸ்பானரைப் பேனா பிடிப்பதுபோலத்தான் பிடித்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சனி ஞாயிறுகளில் கராஜிலிருந்து ஒரே கலகலப்பு. அப்பா, மாமா, அங்கிள் மூன்று பேரும் கைத்தொலைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, காருக்கு அடியில் போய், வெளியே வந்து, மறுபடி ஓடவிட்டார்கள். பழைய கியர்பெட்டியை இறக்கியபோது அதன் சிவப்பு எண்ணெய் அங்கிளின் முகத்தில் ஊற்றியது. காரின் தரையில் கியர்த் தடிக்கு வெட்டிய துளை ஒரு விரல் அகலம் முன்னால் போய்விட்டது, மறுபடி வெட்டினார்கள். கிளட்ச் தட்டை நடுவாகப் பிடித்து வைக்க ஒரு சிறு கருவி பெட்டியோடு வந்திருந்தது. அதைத் தொலைத்துவிட்டு அம்மாவின் தும்புத்தடிப் பிடியை வெட்டி, ஒட்டுநாடா சுற்றி, அதைச் செருகினார்கள். பொருந்தியது.

"பாத்தீங்களா தங்கச்சி, உங்க வெளக்குமாறு இப்ப எட்டு சிலிண்டர் ஓட்டப்போவுது லா," என்றார் அங்கிள்.

"கூட்ட வேற வாங்கித் தந்திட்டு ஓட்டுங்கோ," என்றார் அம்மா. மாமா சிரித்தார். மாமா சத்தமாகச் சிரிப்பார் என்பதை நான் அறிந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அம்மாவுக்குச் சிரிப்பு நீடிக்காது. இப்படி மாற்றிய காரை ஒரு பொறியியலாளர் சோதித்துச் சான்று தரும்வரை வீதியில் இறக்கக் கூடாது என்று அப்பா ஒருமுறை சொல்லிவிட்டார். அதை அம்மா பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு புதிய சட்டம். மாமா காரைத் திருத்தலாம், துடைக்கலாம், அடியில் படுக்கலாம். சாரதி இருக்கையில் இருக்கக் கூடாது. சாவியைத் தொடவே கூடாது.

"லேர்னர்ஸ் மட்டுந்தான் வைச்சிருக்கிறாய். கை தவறி ஒரு அடி வெளியிலை போனாலும் முடிஞ்சுது, விளங்குதோ?"

"ஓம் அக்கா."

"இஞ்சாருங்கோ, நீங்களும் அவனை ஏத்தப்படாது."

"ஏத்தேல்லையப்பா," என்றார் அப்பா காருக்கு அடியிலிருந்து.

செப்ரெம்பர் முடிவில் வேலை முடிந்தது. திங்கட்கிழமை இழுவை லொறி வந்து காரைச் சோதனைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அதற்குமுன் பூசை நடக்க வேண்டும் என்றார் அம்மா. புதிய கியர்பெட்டி என்றால் புதிய கார்தான், பூசை இல்லாமல் அதில் ஒருவரும் ஏறக் கூடாது. கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே கராஜிலிருந்து வீதிக்கு இறங்கும் டிரைவ்வேயிலேயே அப்பா தேங்காய் உடைப்பார், பிறகு எஞ்சினைத் தொடக்கி, சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கும் அளவுக்கு மட்டும் ஒரு அரை முழம் முன்னே விட்டு நிறுத்துவார். கோயில் கலண்டரில் அந்த ஞாயிறு ஒன்பது மணிவரை சுபநேரம். எங்கள் டிரைவ்வே வீதியை நோக்கிச் சற்றுச் சரிவு. அப்பா காரை எப்போதும் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவார். மூக்கு வீதியைப் பார்த்து நிற்கும். வீதி கிழக்குப் பக்கம். கார் கிழக்குப் பார்த்து நிற்கிறது என்று அம்மாவுக்கு அதில் பெரிய திருப்தி.

அன்று காலை நாங்கள் ஆறுதலாகவே எழும்பினோம். குசினிச் சுவரில் மணிக்கூடு ஏழு காட்டியது. அப்பா குளித்தார், அம்மா சந்தனம் குழைத்தார், அங்கிள் வந்து படம் எடுத்தார். அப்பா தேங்காயை உடைத்தார். அது சமமாகப் பிளந்தது. தண்ணீர் கொங்கிறீற்றில் ஓடியது. எல்லோர் முகத்திலும் நிறைவு. அப்போதுதான் அங்கிள் படம் சரியாக வந்ததா என்று தன் தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "என்னா தங்கச்சி, ஒம்போது வரைக்கும்னு சொன்னீங்க? இங்க எட்டு அம்பது ஆச்சு," என்றார்.

"இல்லை, ஏழு அம்பது," என்றார் அம்மா.

"போன் தானா மாத்திக்கும் லா. இன்னைக்கு டேலைட் சேவிங்."

சுவரில் இருந்த மணிக்கூட்டை ஒருவரும் மாற்றவில்லை. மற்றவர்களின் தேதிகளையெல்லாம் திருத்தும் எனக்கும் அது தோன்றியிருக்கவில்லை. ஒன்பதுக்குப் பிறகு அன்று நல்ல நேரமே இல்லை. திங்கள் விடியவே லொறி வந்துவிடும்.

"கெதியா ஏறுங்கோ!"

அப்பா ஏறினார். அந்தக் கிளட்ச் சாதாரணமானதல்ல. எட்டுச் சிலிண்டரின் இழுவையைத் தாங்க வேண்டுமென்று தடித்த சுருளோடு வாங்கியது. முழுக்காலையும் நீட்டி உதைத்தால்தான் இறங்கும். அப்பா உதைத்தார். பட்டு வேட்டியின் கரை மிதிக்குள் மாட்டிக்கொண்டது. காலை எடுத்தார், வேட்டி வந்தது. ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"காற்சட்டை போட்டுக்கொண்டு வாறன்."

"அதுக்குள்ளை ஒன்பதாயிடும்!" அம்மா சுற்றிப் பார்த்தார். அங்கிளுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து ஒரு மாதம்தான். அம்மாவின் பார்வை கராஜ் கதவோரத்தில் நின்ற மாமாவில் போய் நின்றது. எத்தனையோ முறை நானே கேட்ட அந்தச் சட்டத்தை அம்மா ஒரு மூச்சில் உடைத்தார்.

"தம்பி, நீ ஏறு. பழம் நசியிற அளவுக்கு மட்டும். உடனை இறங்கு."

"அக்கா, நீங்கள்தானே..."

"ஏறு எண்டிறன்!"

மாமா ஏறினார். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. மாமா மெதுவாகத்தான் கிளட்சை விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கிளட்ச் மெதுவாகப் பிடிப்பதல்ல. கடைசிவரை ஒன்றுமில்லாமல் இருந்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிப்பது. கார் பாய்ந்தது. நான்கு பழங்களும் ஒரே நேரத்தில் வெடித்தன. பயத்தில் மாமா மறுபடி கிளட்சையே முழுவதுமாக மிதித்தார். கிளட்சை மிதித்தால் சக்கரம் எஞ்சினிலிருந்து விடுபடும், அவ்வளவுதான். கார் நிற்காது. சரிவில் அது தன்பாட்டுக்கு உருண்டது. எங்கள் நடைபாதையைக் கடந்து, வீதியைக் கடந்து, எதிர்வீட்டின் பச்சைக் குப்பைத் தொட்டியைச் சாய்த்து, புல்தரையின் கல் விளிம்பில் முன்சக்கரம் ஏறி நின்றது. மாமாவின் கால் மிதியிலிருந்து நழுவ, எஞ்சின் அணைந்தது. வீதியில் வேறு வாகனம் வரவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் மூலையில் ஒரு பொலிஸ் கார் நின்றது.

வேறு ஏதோ அலுவலாக வந்திருக்க வேண்டும். அதன் ஒரு கதவு திறந்தது.

அம்மா ஓடியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலுடன், வீதியின் இரு பக்கமும் பாராமல் ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். கார்க் கதவைத் திறந்து மாமாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"அங்காலை போ. போடா! நீ ஒண்டும் கதையாதை. நான்தான் ஓடினனான்."

மாமா கியர்த் தடியைக் கடந்து அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். அம்மா சாரதி இருக்கையில் இருந்து ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவர் ஒரு இளம் பொலிஸ் பெண். மூக்கில் வெயில் கிறீம் வெள்ளையாக இருந்தது. அவர் முதலில் பார்த்தது எங்கள் டிரைவ்வேயைத்தான்: உடைந்த தேங்காய், நசிந்த எலுமிச்சம்பழம், வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்த அப்பா. எல்லோரும் நலமா என்று கேட்டார். பிறகு, யார் ஓட்டியது என்று கேட்டார்.

"நான்," என்றார் அம்மா ஆங்கிலத்தில்.

லைசென்ஸ்?

கைப்பை வீட்டுக்குள் இருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா," என்றார்.

நான் ஓடினேன். ஆனால் குசினிக் கதிரையில் கிடந்த கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டில் இருந்த எல்லா அட்டைகளையும் எழுத்து விடாமல் வாசித்தவள் நான். அம்மா ஒட்டோமெற்றிக் காரில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் எடுத்தவர். பச்சை P இருக்கும்வரை ஒட்டோமெற்றிக் மட்டும்தான் ஓட்டலாம் என்பதற்கு அட்டையில் ஒரு எழுத்து இருந்தது. அம்மாவுக்கு அந்த எழுத்தின் பொருளே மறந்திருக்கும் என்று நினைத்தேன். ஓட்டவே கூடாத காரை ஓட்டியதாக அம்மா தன் வாயால் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார், அதற்கான சான்றை இப்போது என் கையாலேயே கேட்கிறார். அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள். அட்டையை அரிசி வாளிக்குள் போட்டுவிட்டுக் காணவில்லை என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு நல்ல வழி தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டியது அம்மா இல்லை, மாமா. அம்மா தப்பிவிடுவார். மாமாவிடம் லேர்னர்ஸ் இருக்கிறது, அதில் இந்த எழுத்து இல்லை. இவ்வளவு எளிதான விடை பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சொல்ல வேண்டிய ஆங்கில வசனத்தை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

நான் வீதியைக் கடந்தபோது மாமா காரைவிட்டு இறங்கியிருந்தார். கதவோரமாகக் கால்களைச் சேர்த்து, நேராக நின்றார். யாரும் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து தன் குடிவரவு அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் முன்னே நீட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. அம்மா உள்ளே இருந்தபடி, "தம்பி, வை. தம்பி, உள்ளை வை," என்று மிக மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

பொலிஸ் பெண் என்னிடமிருந்து அம்மாவின் லைசென்ஸை வாங்கினார். வாசித்தார். குனிந்து காருக்குள் பார்த்தார். கியர்த் தடியின் தலையில் ஒன்று முதல் ஐந்துவரை புதிதாக மின்னியது. கீழே மூன்று மிதிகள். அம்மாவின் வெறுங்கால்கள் அவற்றில் ஒன்றிலும் படாமல், இருக்கையை ஒட்டி இழுத்துக்கொண்டு இருந்தன. பொலிஸ் பெண் அதை நிறைய நேரம் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். நீட்டிய அட்டையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"அதை நான் கேட்கவில்லையே, மேட்," என்றார். "உள்ளே வையுங்கள்."

மாமா வைக்கவில்லை. அப்பா போய் அந்த அட்டையை அவரது விரல்களுக்கிடையிலிருந்து மெதுவாக இழுத்து எடுத்தார். வேட்டியில் பை இல்லாததால் கைக்குள்ளேயே பொத்திப் பிடித்துக்கொண்டார்.

என் வசனம் தொண்டைவரை வந்திருந்தது. வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் பெண் பொதுவாக எல்லோரையும் கேட்டார்: உருண்டுதானே வந்தது?

"உருண்டுதான் வந்துச்சு, ஆபீசர்," என்று அங்கிள் நொண்டிக்கொண்டே வந்து ஆங்கிலத்தில் சொன்னார். "ஹாண்ட்பிரேக். பழைய கார் லா."

பொலிஸ் பெண் என் பக்கம் திரும்பினார். "உருண்டதா?"

எனக்கு இது சிக்கலாகப் போனது. முதலில் பாய்ந்தது, பிறகுதான் உருண்டது. நான் திரும்பி டிரைவ்வேயைப் பார்த்தேன். பழம் நசிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, கிளட்ச் மிதிபட்ட இடம் என்று நான் கணித்த ஓர் இடத்தைக் காட்டி, "ஓம், அங்கிருந்து," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுத வேண்டும் என்பது பள்ளியில் என் பெருமை. யார் ஓட்டியது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் அட்டையை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். இந்த லைசென்ஸோடு இந்தக் காரில் சும்மாகூட இருக்க வேண்டாம் என்றார். எஞ்சினைத் தொடக்காமல் தள்ளி உள்ளே விடும்படியும் சக்கரத்துக்குக் கல் வைக்கும்படியும் சொன்னார். அப்பாவும் மாமாவும் காரின் முன்னால் போய்த் தள்ளத் தொடங்கினார்கள். கார் கல் விளிம்பிலிருந்து அசையவில்லை. பொலிஸ் பெண் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர்களுக்கு நடுவே வந்து, மூக்கில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினார். கார் பின்னே நகர்ந்தது. பிறகு கையை உயர்த்தியபோது உள்ளங்கையில் சந்தனம் ஒட்டியிருந்தது. அதை முகர்ந்து பார்த்தார். சாய்ந்து கிடந்த குப்பைத் தொட்டியை நிமிர்த்திவிட்டு நடந்து போனார்.

அன்று முழுவதும் அம்மா எல்லோரையும் ஏசினார். வேட்டி கட்டியதற்கு அப்பாவை. நேரத்தைப் பிந்திச் சொன்னதற்கு அங்கிளை. சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அதையும் ஏசினார். மாமாவை மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. மாமா குழாயை இழுத்துவந்து சக்கரங்களின் வரிகளுக்குள் போயிருந்த எலுமிச்சைத் தோலை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் போனபிறகும் தண்ணீர் ஓடியது. வேறு நாளென்றால் தண்ணீர்க் கட்டுப்பாடு பற்றி அம்மா கத்தியிருப்பார்.

பின்னேரம் குசினியில் அம்மா தனியாக இருந்தபோது கேட்டேன். பொய் சொல்லக் கூடாது என்று சொல்லித் தந்தவர் நீங்கள், பொலிசுக்கே பொய் சொன்னீர்கள். அதுவும் உங்களுக்கே ஆபத்தான பொய். உங்கள் லைசென்ஸைப் பறித்திருந்தால்? வழக்கம்போல நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அம்மா தமிழில் சொன்னார்.

"என்ரை லைசென்சை எடுத்தா நான் பஸ்ஸிலை போவன், பிள்ளை."

வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

நான் அதைப் பஸ்ஸைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். அறைக்குப் போய் நேர அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். எங்கள் வீதிக்கு ஞாயிறுகளில் மணிக்கு ஒரு பஸ்தான், கோயிலுக்குப் போக இரண்டு முறை மாற வேண்டும். திரும்பி வந்து, பஸ்ஸில் போவது அவ்வளவு எளிதல்ல என்று அம்மாவுக்கு ஆதாரத்தோடு விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். "ஓம். சரி. இனிப் பாத்து நடக்கிறன்," என்றார்.

திங்கட்கிழமை லொறி வந்தது. கார் முதல் தடவையிலேயே சோதனையில் தேறியது. மாமாவின் விசா வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. அது வந்து சேர்ந்தபோது எனக்கு அது சப்பாத்து அல்ல என்று தெரிந்திருந்தது. கார் இப்போது அவரிடம்தான் இருக்கிறது, கிரெய்கிபர்னில். ஃப்ரீவேயில் ஐந்தாவது கியரில் அப்பா சொன்னதுபோலவே மூச்சுவாங்காமல் போகிறது. உள்ளே இருந்து பேசலாம். ஆனால் அந்த ஞாயிறைப் பற்றி மட்டும் மாமா பேசுவதில்லை.

பொலிஸ் பெண் எதைக் கண்டார் என்பதை அறிய நான் முயன்றிருக்கிறேன். குப்பைத் தொட்டி விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் பொலிஸ் கார் வந்து நின்றது என்பது அப்பாவின் நினைவு. பழம் வெடித்தபோதே அது மூலையில் நின்றது என்று அங்கிள் உறுதியாகச் சொல்கிறார். அம்மாவிடம் கேட்டால் எழும்பிப் போய்விடுவார். சென்ற ஆண்டு நான் அந்த வீதிக்குப் போய் மூலையில், பொலிஸ் கார் நின்ற பக்கமாக நின்று பார்த்தேன். அங்கிருந்து எதிர்வீட்டுப் புல்தரை நன்றாகத் தெரிகிறது. கார் நின்ற இடமும், சாரதிப் பக்கத்துக் கதவு இருந்திருக்கும் இடமும்கூட. ஆனால் அந்த நாட்களில் மூலைவீட்டில் ஒரு செடிவேலி இருந்தது. புதிதாக வந்தவர்கள் அதைப் பிடுங்கிவிட்டார்கள். அது இடுப்பளவு என்றால், மாமா சாரதி இருக்கையிலிருந்து நகர்ந்ததை அவர் கண்டுவிட்டுத்தான் நடந்து வந்தார். ஆள் உயரம் என்றால் காணவில்லை. அந்த வேலியின் படம் ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை. அதன் உயரம் உறுதிப்படவில்லை.